மூடிய கணப்பில் ஒரு செங்கல் ஓட்டை

படுக்கையறைக்குள் நெருப்பு மூட்டும் அடுப்பு வைத்துக் கட்டிய வீடுகள் பெங்களூரில் இருக்கும்வரை எங்கள் தொழிலுக்குப் பஞ்சமில்லை. அந்த அடுப்பில் நெருப்பு மூட்டிய ஒருவரைக்கூட நான் இதுவரை சந்தித்ததில்லை.

எழுத்தில் அதைக் கணப்பு என்போம். பிரேசர் டவுனில் யாரைக் கேட்டாலும் சிம்னி. ஒரு ஆள் குந்தி உட்காரும் அளவுக்குச் சுவரில் குழி. அதன் தலைக்கு மேல் சுவரோடு சுவராக ஏறி, கூரையைத் தாண்டி வானத்தில் முடியும் புகைபோக்கி. குளிருக்குப் பயந்த வெள்ளைக்காரர்கள் கட்டிவிட்டுப் போனது. பிறகு வந்தவர்கள் அதில் செருப்பு வைத்தார்கள், இன்வெர்ட்டர் பேட்டரி வைத்தார்கள், பூட்டு உடைந்த சூட்கேஸ் வைத்தார்கள். மேலேயிருந்து மழையும் புறாவும் கரித்தூளும் வந்தன. அப்போது எங்களைக் கூப்பிட்டார்கள்.

நான் இருபது வருடம் ஒரு பத்திரிகையில் அடுத்தவர் எழுதியதைத் திருத்தியவன். பெங்களூர்ப் பதிப்பை நிறுத்திய மாதம், ஜீவனஹள்ளியில் எங்கள் பக்கத்துத் தெருக்காரரான மரியதாஸ் மேஸ்திரி வந்து, "எனக்கு வேலை தெரியும், வாய் தெரியாது. உங்களுக்கு வாய் தெரியும், வேலை இல்ல. சேந்துக்கலாம் வாங்க" என்றார். அன்றிலிருந்து நான் அவருக்குப் 'பேப்பர் சார்'. வீட்டுக்காரர்களிடம் பேசுவது, அளவெடுப்பது, பிறகு திட்டு வாங்குவது என் இலாகா.

சுவரில் ஓதம் இறங்கி, பெயிண்ட் பொரிந்து, அதை மறைக்கக் காலண்டரை இரண்டு ஆணி தள்ளி மாட்டியவரா நீங்கள்? அப்படியென்றால் நாம் ஒரே சாதி. மேலே படியுங்கள்.

இறுக்கமாக ஒரு வேலை

எங்கள் முதல் கணப்பு பிரேசர் டவுனில், ஞானப்பிரகாசம் சார் வீட்டில். ஒரு நூல் மில்லில் ஸ்டோர்ஸைப் பார்த்துக்கொண்டிருந்து ஓய்வு பெற்றவர். மனைவி ரெஜினா டீச்சர், ஆரம்பப் பள்ளியில் பாடம் எடுத்து ஓய்வு பெற்றவர். ஒரே மகன் ஆல்வின் ஊருக்கு வெளியே சந்தாபுராவில் ஏழாவது மாடியில் ஃபிளாட் வாங்கிக்கொண்டு போய்விட்டான். பதினாறு அடி உயரக் கூரையின் கீழ் மிஞ்சியது இவர்கள் இருவரும், படுக்கையறைச் சிம்னிக்குள் ஒரு புறாக் குடும்பமும்தான். விடியற்காலையில் ஜெபமாலை சொல்வதுபோல் அவை முனகுவதால் தூக்கம் போய்விட்டது என்பது சாருடைய புகார்.

மரியதாஸ் முப்பது வருடம் வீடு கட்டியவர், கணப்பை மூடியதில்லை. ஓட்டை என்றால் அடைக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்த சட்டம். புறாக்களைக் கிளப்பிவிட்டு, கீழே செங்கல் வைத்து அடைத்து சிமெண்ட் பூசினார். மேலே ஏறிப் புகைபோக்கியின் வாயில் ஒரு கான்கிரீட் பலகையை வைத்து ஓரமெல்லாம் பூசினார். எறும்பு நுழைய இடமில்லை. ஏப்ரல் வெயிலில் மூன்றே நாளில் காய்ந்து, பெயிண்ட் அடித்த பிறகு அங்கே குழி இருந்ததற்கு அடையாளமே இல்லை.

ஞானப்பிரகாசம் சார் சுவரைத் தட்டிப் பார்த்தார். காதை வைத்துக் கேட்டார். பிறகு மேஸ்திரியின் கையைப் பிடித்துக் குலுக்கிக்கொண்டே சொன்னார்: "கல்லறையைக்கூட யாரும் இவ்வளவு டைட்டா பூச மாட்டாங்கய்யா."

ஆகஸ்டில் வந்த படம்

ஆகஸ்டில் என் கைபேசிக்கு ஒரு படம் வந்தது. அனுப்பியது ஆல்வின். நாங்கள் மூடிய சுவரில் இடுப்பு உயரத்துக்கு ஒரு பழுப்புக் கறை, காப்பி கொட்டி வழிந்ததுபோல. பக்கத்தில் இன்னொன்று. கூடவே, நனைந்த கரியின் நாற்றம் வருகிறது என்று ஒரு வரி. படத்தில் நாற்றம் வராது என்பதால் அதைத் தனியாக எழுதியிருந்தான்.

நேரில் போனோம். சார் ஹாலில் மடக்குக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். மழை தொடங்கியதிலிருந்து அவருக்கு இளைப்பு. ஈரமான அறையில் படுக்கவே கூடாது என்று டாக்டர் சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டார். வீட்டில் இருந்த இன்னொரு அறை மழைக்கு ஒழுகுவது. அது தட்டுமுட்டுச் சாமான்களுக்கு. ஆல்வின் நின்றுகொண்டே பேசினான். கிறிஸ்துமஸுக்குள் சுவர் காய வேண்டும். காயவில்லை என்றால் அப்பா அம்மா இரண்டு பேரையும் சந்தாபுராவுக்குக் கூட்டிப்போய்விடுவான், வீட்டைப் பூட்டிவிடுவான். பேச்சில் கோபமில்லை, அதுதான் பயமாக இருந்தது. கோபப்படுகிறவர்களைச் சமாதானம் செய்யலாம். முடிவு செய்துவிட்டவர்களை என்ன செய்வது?

அந்த அறையில்தான் சார் பிறந்தார். டீச்சர் கலியாணமாகி வந்ததும் அதே அறைக்கு. எங்களைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் மூச்சை ஒருமுறை இழுத்துவிட்டுக்கொண்டு, மரியதாஸைப் பார்த்து மெதுவாகச் சொன்னார்: "புறாவைத் துரத்தச் சொன்னேன் மேஸ்திரி. நீ என்னைத் துரத்தறியே."

திருத்தம்

பத்திரிகையில் தப்பாக எழுதினால் மறுநாள் ஐந்தாம் பக்கத்தின் மூலையில் சின்ன எழுத்தில் திருத்தம் போடுவோம். யார் கண்ணிலும் படாது. இந்தத் தொழிலில் திருத்தத்தையும் அதே சுவரில்தான் போட வேண்டும், வீட்டுக்காரர் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார்.

மரியதாஸ் அடியில் ஒரே ஒரு செங்கல்லைப் பெயர்த்து உள்ளே கைவிட்டார். வெளியே எடுத்த கை, குளியலறைச் சுவரைத் துடைத்ததுபோல் நனைந்திருந்தது. மேலே அடைத்தாயிற்று, கீழே அடைத்தாயிற்று; நடுவில் சிக்கிய காற்று போகவும் முடியாமல் வரவும் முடியாமல் வேர்த்துக்கொண்டே இருந்திருக்கிறது. நூறு வருடக் கரி அந்த வேர்வையில் ஊறி, சுவர் வழியாக வெளியே வந்திருக்கிறது. மழை உள்ளே வரவே இல்லை. ஈரத்தை உண்டாக்கியது நாங்கள்தான்.

மறுபடி ஆரம்பித்தோம். மேலேயிருந்த பலகையை உடைத்தோம். கயிற்றில் செங்கல்லும் தென்னைநார்ப் பிரஷும் கட்டி இறக்கிக் கரியைச் சுரண்டினோம்; ஒன்பது கூடை வந்தது. புகைபோக்கியின் வாயில் நாலு மூலைக்கு நாலு செங்கல் நிறுத்தி, அதன்மேல் கடப்பைக் கல்லைக் குடைபோல் வைத்து, பக்கங்களுக்குக் கம்பி வலை. மழை வராது, புறா வராது, காற்று போகும். கீழே, தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில், ஒரு செங்கல் அளவுக்குத் திறந்துவிட்டு, துளை போட்ட அலுமினியத் தகடு, எங்கள் பாஷையில் ஜாலி, பொருத்தினோம். ஊறிய சிமெண்டைக் கொத்தி எடுத்துவிட்டுச் சுண்ணாம்பு பூசினோம். அறைக் காற்று ஜாலிக்குள் நுழைந்து மேலே ஏறி வெளியேற வேண்டும். அந்தப் போக்கில் சுவர் தானாகக் காயும். இரண்டு மாதம் பொறுக்க வேண்டும் என்றோம்.

ரெஜினா டீச்சர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு ஜாலியைக் குனிந்து பார்த்தார். வகுப்பில் தப்பான கணக்கைப் பார்க்கிற பார்வை. "அப்ப இவ்வளவு இடிச்சு, இவ்வளவு பூசி, கடைசியில ஓட்டை திறந்துதான் இருக்கப்போகுதா?"

வரிசையில் முன்னால் இருப்பவர்கள்

சுவர் காயும்வரை கையைக் கட்டிக்கொண்டிருக்க முடியாது. அதே தெருவில், ஆறு வீடு தள்ளி, நூர் பாய் கூப்பிட்டார். பின் படுக்கையறைச் சிம்னி. அடைக்க வேண்டும், அவசரம் என்றார். மரியதாஸ் மேலே ஏறினார், ஏறிய வேகத்தில் இறங்கினார். புகைபோக்கியின் உள் உதட்டில் முறம் அளவுக்குத் தேனடை.

மருந்தடிக்க ஆள் இருக்கிறார்கள் என்றேன். பாய் காதைப் பொத்திக்கொண்டார். பூ முடிந்தால் அவையே கிளம்பிவிடும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அதுவரை பொறுக்கலாம் என்றார். அவசரம் என்றீர்களே என்று கேட்டேன். "அரே, ஜல்திதான் சார். ஆனா உங்களுக்கு முந்தி அதுங்க வந்துச்சு. வரிசைன்னு ஒண்ணு இருக்கு இல்லியா?"

கரூரிலிருந்து ஒரு கேள்வி

காக்ஸ் டவுனில் கரூர்க்காரத் தம்பதி ஒன்று பழைய பங்களாவின் பாதியை வாடகைக்கு எடுத்திருந்தது. இரண்டு பேரும் கணினி வேலை. படுக்கையறையில் கணப்பைப் பார்த்ததிலிருந்து, ஊரில் இருந்த மாமனாருக்குத் தூக்கமில்லை. தென்மேற்கு மூலையில் அக்கினி இருக்கலாமா? மூடச் சொல்லிவிட்டார். வேலை முழுவதையும் வீடியோ காலில் பார்வையிட்டார். மருமகள் கைபேசியைத் தலையணைமேல் சாய்த்து வைத்துவிட்டு அடுத்த அறையில் மீட்டிங்குக்குப் போய்விட்டாள். நாங்கள் தலையணைக்குப் பதில் சொல்லிக்கொண்டே வேலை செய்தோம்.

செங்கல் வைக்கும்வரை அவருக்குத் திருப்தி. ஜாலியைப் பொருத்தியதும் நெற்றியைச் சுருக்கினார். காற்று போக வேண்டும், இல்லாவிட்டால் ஓதம் வரும் என்று ஞானப்பிரகாசம் சார் வீட்டுக் கதையை, பெயரைச் சொல்லாமல், முழுக்கச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். பிறகு தலையணையிலிருந்து குரல் வந்தது: "அதெல்லாஞ் சரிங்க. அடுப்பை அடைச்சுப்போட்டுக் காத்துக்கு வழி வுட்டா, அது இப்ப அக்கினியா, வாயுவா? அதச் சொல்லுங்க மொதல்ல."

ஊதுபத்திச் சோதனை

அக்டோபர் கடைசியில் ஞானப்பிரகாசம் சார் வீட்டுக்குப் போனோம். எங்கள் சோதனைக்குக் கருவி எதுவும் வேண்டாம். ஊதுபத்தியைக் கொளுத்தி ஜாலிக்கு எதிரே பிடித்தால், புகை வளைந்து உள்ளே போக வேண்டும். போனால் காற்று ஓடுகிறது. அன்று புகை நேராகக் கூரையைப் பார்த்துப் போனது. சுவரில் கை வைத்தேன். சில்லென்று இருந்தது.

மரியதாஸ் ஜாலியைக் கழற்றினார். உள்ளே மடித்துத் திணித்த ஒரு கைவைத்த பனியன்.

எங்களுக்கு ஆச்சரியமில்லை. ஓட்டையைக் கண்டால் அடைப்பது மனித சுபாவம். சாயங்காலம் ஐந்தரைக்குக் கொசுவுக்குப் பயந்து ஜன்னலெல்லாம் சாத்துகிற ஊரில் கேட்கவே வேண்டாம். பின்னாளில் மற்ற வீடுகளில் காகிதம், கந்தல், பால் கவர், ஒரு வீட்டில் பாதி தேங்காய்மட்டைகூட எடுத்திருக்கிறோம். "கொசுதான்" என்றார் டீச்சர், நாங்கள் கேட்பதற்கு முன்பே. கொசுவலைக் கம்பியை ஜாலிக்குப் பின்னால் வைத்து நாலு மூலையிலும் ஸ்க்ரூ முடுக்கினோம். இனிக் கொசு வராது, இதை அடைக்கவே கூடாது, அடைத்தால் கிறிஸ்துமஸுக்குள் காயாது என்று சாரிடம் ஒருமுறை, டீச்சரிடம் ஒருமுறை சொன்னேன்.

டீச்சர் தலையாட்டினார். சார் ஹாலில் கட்டிலில் இருந்தபடியே பனியனை விரித்துப் பார்த்தார். கரியில் தோய்ந்து கோணிப்பைபோல் இருந்தது. "அடைக்கறதுதான் அடைச்சே ரெஜி, ஒரு பழசா பாத்து அடைச்சிருக்கக் கூடாதா? இது ஈஸ்டருக்கு எடுத்த செட்டு."

தொழுவத்துக்குக் காற்று

நவம்பர் இறுதியில் கோயிலுக்குப் பின் தெருவில் ஒரு வேலை. எலிசபெத் அக்கா என்று தெரு முழுக்கக் கூப்பிடும் நர்ஸ் அம்மா ஒருவர். அவர் வீட்டில் படுக்கையறைக் கணப்புதான் கிறிஸ்துமஸ் குடில். அப்பா காலத்திலிருந்து வருடாவருடம் அந்தக் குழிக்குள்தான் வைக்கோல் பரப்பி, மாடு வைத்து, குழந்தை இயேசுவைக் கிடத்துவார்கள். அதைப் பார்க்க அக்கம்பக்கத்தார் கட்டிலைச் சுற்றி வந்து குனிவார்கள். ஆனால் போன வருடம் நடுராத்திரிப் பூசைக்குப் போய்த் திரும்பி வருவதற்குள் மேலேயிருந்து கரி கொட்டி, மூன்று ராஜாக்களும் ஒரே நிறத்துக்கு வந்துவிட்டார்கள். மூட வேண்டும், குடிலுக்கு இடமும் வேண்டும்.

மரியதாஸ் ஜெபமாலை உருட்டுகிற ஆள். தாடியைத் தடவிக்கொண்டு அரைமணி நேரம் அந்தக் குழிக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். பிறகு முன்பக்கத்தை அடைக்காமல், உள்ளே பின்னால் தள்ளிச் சுவர் எழுப்பி, புகைபோக்கி தொடங்கும் தொண்டைக்கு நேராகப் பலகை வைத்து, முன்னால் ஒன்றேகால் அடி ஆழத்துக்கு மாடம் விட்டார். ஜாலியை மாடத்தின் உச்சியில் வைத்தார். குடிலுக்குள் காற்று அடிக்குமே என்று நான் தயங்கினேன். எலிசபெத் அக்கா ஒரு ஜிகினா நட்சத்திரத்தை ஜாலியில் கட்டிப் பார்த்தார். அது மெல்ல ஆடியது. "மாட்டுத்தொழுவம்னா காத்து வரணும் சார். இத்தனை வருஷமா நாங்கதான் பங்களாவுல பிறக்க வெச்சிருக்கோம்."

வெள்ளை சாக்ஸ்

டிசம்பர் முதல் வாரம். ஆல்வின் போனில், அட்டைப்பெட்டிகளுக்குச் சொல்லிவிட்டதாகத் தகவல் தந்தான். சுவர் பாதி காய்ந்து, பிறகு காய மறுத்துவிட்டது என்றான். நாங்கள் போனபோது சார் மருந்துக்கடைக்குப் போயிருந்தார். டீச்சர் கதவைத் திறந்துவிட்டுச் சமையலறைக்குள் போய்விட்டார். எப்போதும் கூடவே நின்று பார்ப்பவர்.

ஊதுபத்திப் புகை மறுபடியும் கூரையைப் பார்த்துப் போனது. ஜாலி இருந்தது. கொசுவலை இருந்தது. நாலு ஸ்க்ரூவும் இருந்தன. மரியதாஸ் ஒன்றைத் தொட்டுப் பார்த்தார், முகம் மாறியது. அவர் முடுக்கிய ஸ்க்ரூவில் தலைக்கோடு நேராக நிற்கும். அது அவருடைய ஒரு பித்து. இங்கே நாலும் நாலு திசையைப் பார்த்தன. கழற்றினால், வலைக்குப் பின்னால், கச்சிதமாக உருட்டிய ஒரு ஜோடி வெள்ளை சாக்ஸ். சார் ஞாயிறு பூசைக்குப் போட்டுப்போகிறது.

நான் கொசு என்று ஏதோ ஆரம்பித்தேன். மரியதாஸ் அந்தக் கரிபிடித்த உருண்டையை என் உள்ளங்கையில் வைத்தார். "கொசுவுக்கு ஸ்க்ரூ டிரைவர் பிடிக்கத் தெரியாது, பேப்பர் சார்."

டாக்டர் எழுதாத சீட்டு

சமையலறை வாசலில் போய் நின்றேன். டீச்சர் என் கையைப் பார்த்தார். மறுக்கவில்லை. சாக்ஸை வாங்கி வாளித் தண்ணீரில் போட்டுவிட்டு, முக்காலியை இழுத்து உட்கார்ந்தார். முட்டியைப் பிடித்துக்கொண்டுதான் உட்கார்ந்தார். அதை அன்றுதான் கவனித்தேன்.

"அவர் நெஞ்சுக்கு நான் துரோகம் பண்றேன்னு நினைக்காதீங்க. நாலு மாசமா ஹால்லதான் படுக்க வெச்சிருக்கேன், அந்த ரூம் கதவையே அவருக்குத் திறக்கறதில்ல" என்றார். பிறகு பேசிக்கொண்டே போனார். இந்த வீட்டில் கழிப்பறை பின்கட்டில், ஏழு படி இறங்கிப் போக வேண்டும். ஒட்டடை அடிக்க ஏணி வேண்டும். தண்ணீர் வரும் நேரத்துக்கு எழுந்திருக்க வேண்டும். ஆல்வின் ஃபிளாட்டில் கழிப்பறை அறைக்குள்ளேயே இருக்கிறது, லிஃப்ட் இருக்கிறது, கீழே சாயங்காலம் பெண்கள் கேரம் ஆடுகிறார்கள். போன முறை போனபோது இவரும் ஆடி, இரண்டு ஆட்டம் ஜெயித்திருக்கிறார். அதைச் சொல்லும்போது முகம் முப்பது வயதுக்குப் போய் வந்தது.

சாரிடம் சொல்லலாமே என்றேன். "சொல்லாம இருப்பேனா? நாப்பத்தோரு வருஷத்துல பல தடவை சொல்லியாச்சு. 'பாக்கலாம் ரெஜி'ம்பார், பேப்பரைப் பிரிச்சுக்குவார். அவர் நெஞ்சுக்கு டாக்டர் சீட்டு இருக்கு. என் முட்டிக்கு யார் சீட்டு தருவாங்க? நான் சொன்னா கேக்க மாட்டார் சார். சுவர் சொன்னா கேப்பார்."

யார் சொன்னது

திரும்பி வரும் வழியில் மரியதாஸ் டீக்கடையில் நின்றதும் வெடித்தார். முதலில் செய்த வேலை தப்பு, அது அவர் தப்பு, ஒப்புக்கொள்கிறார். இரண்டாவது வேலை சரி. சரியான வேலைக்கும் கெட்ட பெயரா? சாரிடம் போய் உடைத்துச் சொல்ல வேண்டும் என்றார். பாவம் அந்த அம்மா என்றேன் நான். பாவம் அந்த மனுஷன் என்றார் அவர். இரண்டும் உண்மை. செய்தி எழுதுவதில் இதுதான் தலைவலி. இரண்டு பக்கமும் உண்மையாக இருந்தால் தலைப்பு வைக்க முடியாது.

கடைசியில் ஒன்று செய்தோம். மறுநாள் டீச்சரைப் பார்த்து, ஒரு வாரம் தவணை சொன்னோம். அதற்குள் அவரே சாரிடம் பேச வேண்டும். பேசாவிட்டால் காற்றுவழி அடைபட்டிருந்தது என்று மட்டும் சாரிடம் சொல்வேன். யார் அடைத்தது என்று என் வாயிலிருந்து வராது. செய்தி கொடுத்தவரின் பெயரைக் காப்பாற்றுவது எனக்குப் பழகிய காரியம்.  டீச்சர் மரியதாஸிடம் திரும்பிச் சொன்னார்: "ஸ்க்ரூவை நேரா முடுக்கணும்னு சொல்லியிருந்தா, நான் நேராவே முடுக்கியிருப்பேனே மேஸ்திரி."

காய்ந்த சுவர்

ஐந்தாம் நாள் சாரே போன் செய்தார். விஷயம் என்ன என்று சொல்லவில்லை. ஆல்வினிடம் பேசித் தவக்காலம் தொடங்கும்வரை தவணை வாங்கிவிட்டதாகவும், அதுவரை சுவர் பக்கம் யாரும் போக மாட்டார்கள் என்றும் மட்டும் சொன்னார். 'யாரும்' என்பதை அவர் அழுத்திச் சொன்னதுபோல் இருந்தது; திருத்தி எழுதிப் பழகியவனுக்கு இப்படியெல்லாம் தோன்றும்.

பனிக்காலம் நல்ல வறண்ட காற்றாக அடித்தது. தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனுக்கு முந்தைய வாரம் போனோம். ஊதுபத்தியைக் காட்டியதும் புகை திரும்பி, வளைந்து, கூப்பிட்ட பிள்ளைபோல் ஜாலிக்குள் ஓடியது. சுவரில் உள்ளங்கையை வைத்தேன். ஈரமே இல்லை. மரியதாஸ் நாலு இடத்தில் கை வைத்துப் பார்த்துவிட்டு, நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார். சாரைக் கூப்பிட ஹாலுக்கு வந்தவர் அப்படியே நின்றுவிட்டார். ஹால் முழுக்க அட்டைப்பெட்டிகள். டீச்சர் தரையில் பாய் போட்டு உட்கார்ந்து பீங்கான் தட்டுகளைப் பேப்பரில் சுற்றிக்கொண்டிருந்தார்.

"சார், காஞ்சிருச்சு சார்!" என்றார் மரியதாஸ், ஏதோ தாமதமாக வந்துவிட்டவர்போல. "நீங்க போக வேணாம். வந்து தொட்டுப் பாருங்க."

ஞானப்பிரகாசம் சார் உள்ளே வந்தார். சுவரைத் தொட்டுப் பார்த்தார். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டு, எங்களையும் உட்காரச் சொன்னார். "சாக்ஸ் விஷயம் எனக்கு ரெஜி சொல்றதுக்கு முன்னாடியே தெரியும். துவைச்சு மடிச்சுதான் வெச்சிருந்தா, கரி போகல. பூசையில முட்டி போட்டா, பின்னாடி இருந்தவர் குனிஞ்சு, 'என்ன ஞானம், அடுப்புல நடந்து வந்தியா'ங்கறார். அப்பவே புரிஞ்சுபோச்சு. அவளா சொல்லட்டும்னு இருந்தேன். சொன்னா. அழுதுக்கிட்டே சொல்லல, நல்லா கோபமா சொன்னா. அன்னிக்கே சரின்னுட்டேன்."

"அப்புறம் எதுக்கு சார் தவணை? எதுக்குச் சுவரைக் காய வெச்சோம்?" என்றார் மரியதாஸ், உட்காராமலே.

சார் இன்னொரு முறை சுவரைத் தடவினார். "ஈரமா இருக்கறப்பவே போயிருந்தா, சுவர் துரத்திப் போனேன்னு ஆயிருக்கும்யா. டாக்டர் துரத்திப் போனேன், மகன் இழுத்துப் போனேன்னு ஆயிருக்கும். இப்ப யாரும் என்னைத் துரத்தல. எம் பொஞ்சாதி கேட்டா, அதனால போறேன். அது அவளுக்குத் தெரியணும் இல்ல?"

ஹாலில் பேப்பர் சுற்றும் சத்தம் நின்றது. டீச்சரின் குரல் வந்தது: "தெரிஞ்சுதுங்க. போதும், மேஸ்திரி முன்னாடி பிரசங்கம் வேணாம். வந்து இந்தப் பெட்டிக்குக் கயிறு கட்டுங்க."

நாங்கள் இதுவரை மூடிய கணப்புகளிலேயே மிக நன்றாகக் காற்றோடி, மிக நன்றாகக் காய்ந்து, யாரைக் கூட்டிப்போய்க் காட்டினாலும் எங்களுக்குப் பெருமை தரக்கூடிய அந்த அறையில் இப்போது யாரும் படுப்பதில்லை.